போளி தட்டும்போதே கிழிகிறது, மறுநாள் விறைத்துப் போகிறது: எங்கே தவறுகிறேன்?

கானாடுகாத்தான் அடுப்படி:

அனைவருக்கும் வணக்கம். சீயம், கந்தரப்பம், உக்காரை, ஆடிக்கும்மாயம் என்று நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பலகாரங்களை 30 வருடமாகச் செய்து வருகிறேன். இவற்றில் எதற்கும் இதுவரை யாரிடமும் பதம் கேட்டதில்லை. ஆனால் பருப்புப் போளி எங்கள் வீட்டு அடுப்பில் ஏறியதே இல்லை. தேவைப்பட்டபோது காரைக்குடியில் கடையில் வாங்கிக்கொள்வதோடு சரி. சென்ற ஆண்டு மகனுக்கு ஹூப்ளிப் பக்கத்துப் பெண்ணை மணம் முடித்தோம். யுகாதியன்று அவர்கள் வீட்டில் ஹோளிகெ (அந்தப் பக்கத்தில் போளிக்குப் பெயர்) இல்லாமல் இலை போடுவதில்லையாம். திருமணத்துக்குப் பின் வரும் முதல் யுகாதியை மருமகள் எங்களோடு கொண்டாடப் போவதால், அன்று அதை நானே செய்து இலையில் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, அவளுக்குத் தெரியாமல் இரண்டு முறை செய்து பார்த்தேன். இரண்டும் சரியாக வரவில்லை.

முதல் முறை, சீயத்துக்குச் செய்வதைப் போலவே 250 கிராம் கடலைப்பருப்பைக் குக்கரில் மூன்று விசில் வைத்து, ஒன்றிரண்டாக மசித்து, வெல்லப்பாகில் போட்டு, தேங்காய்ப்பூவும் ஏலக்காயும் சேர்த்துக் கெட்டியாகக் கிளறி உருட்டிக்கொண்டேன். மைதாவைச் சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்து அரைமணி நேரம் ஊற வைத்தேன். வாழை இலையில் வைத்துத் தட்டியபோது ஓரமெல்லாம் வெறும் மாவாக ஒதுங்க, நடுவில் பருப்பு பிதுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கல்லில் போட்டதும் வெளியே வந்த வெல்லம் தீய்ந்து, புகை வளவு (வீட்டு நடு முற்றம்) வரைக்கும் போயிற்று. இரண்டாம் முறை, கிழியக் கூடாது என்பதற்காக மாவை அதிகமாகவும் பூரணத்தைக் குறைவாகவும் எடுத்து, மைதாவைத் தூவித் தூவிச் சப்பாத்திக் குழவியால் தேய்த்தேன். கிழியவில்லைதான். ஆனால் மறுநாள் காலையில் எடுத்து மடித்தால் அப்பளம்போல் ஒடிந்தது. வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு, "இனிப்புச் சப்பாத்தி நன்றாகத்தான் இருக்கிறது" என்றார்.

யுகாதிக்கு இன்னும் 15 நாள் இருக்கிறது. தவறு மாவிலா, பூரணத்திலா, அடுப்பிலா என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். வெல்லத்துக்குப் பதிலாகக் கருப்பட்டி போடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

தேவகோட்டை ஆச்சி:

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது, தங்கச்சி. "சீயத்துக்குச் செய்வதைப் போலவே" என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு முழுவதும் அந்த இடத்தில்தான். சீயத்தின் பூரணம் உருண்டையாகவே நின்று, உளுந்து அரிசி மாவில் முங்கி, கொதிக்கும் எண்ணெயில் விழ வேண்டியது. அது கெட்டியாகவும் கொஞ்சம் நறநறப்பாகவும் இருந்தால்தான் உடையாமல் வேகும். கடிக்கும்போது பருப்பு பல்லில் தட்டுப்படுவதும் அதற்கு அழகு. போளிப் பூரணத்துக்கு இதற்கு நேர்மாறான வேலை. மேலே இருக்கும் மாவு விரல்பட்டு விரியும்போதெல்லாம் உள்ளே இருப்பதும் அதே வேகத்தில் கூடவே விரிய வேண்டும். மாவு இளகியிருந்து பூரணம் இறுகியிருந்தால், மாவு மட்டும் ஓரத்துக்கு ஓடிவிடும், பூரணம் நடுவிலேயே மேடாக நின்றுவிடும். அந்த மேட்டின் மேல் மாவு மெலிந்து கிழியும். உங்களுக்கு முதல் முறை நடந்தது இதுதான்.

நானும் இதே தவற்றைப் பல வருடம் செய்தவள்தான். அடுத்த முறை பூரண உருண்டை ஒன்றையும் மாவு உருண்டை ஒன்றையும் தட்டில் அருகருகே வைத்து, இரண்டையும் ஒரே விரலால் அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் விரல் ஒரே அளவு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் தட்டவே ஆரம்பிக்காதீர்கள்.

இனி பருப்பு. 250 கிராம் கடலைப்பருப்பை ஒரு மணி நேரம் ஊற வைத்து, நிறையத் தண்ணீர் விட்டுத் திறந்த பாத்திரத்திலேயே வேக விடுங்கள். குக்கரில் வைத்தால் மேலே குழைந்து அடியில் விதையாக இருப்பதும் உண்டு, மொத்தமாகக் கூழாகிவிடுவதும் உண்டு. ஒரு பருப்பை எடுத்து இரண்டு விரலால் நசுக்கினால், நடுவில் வெள்ளைப் புள்ளியே தெரியாமல் மாவாக நசுங்க வேண்டும், ஆனால் பாத்திரத்தில் பார்க்கும்போது முழுப் பருப்பாகவே தெரிய வேண்டும். வடிகட்டியில் கொட்டிக் கால்மணி நேரம் அப்படியே விடுங்கள். வடித்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், அன்றைக்கு ரசத்துக்கு அதைவிட நல்லது வேறில்லை.

நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகாது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். கடின நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுவதால், எவ்வளவு நேரம் வெந்தாலும் நடுவில் ஒரு விறைப்பு நிற்கும். எங்கள் அப்பத்தா காலத்தில் வளவில் விழும் மழைத் தண்ணீரைக் கிடாரத்தில் பிடித்து வைத்துக்கொண்டு அதில்தான் பருப்பு வேக வைப்பார்கள். இப்போது நான் வடிகட்டிய குடிதண்ணீரை எடுத்துக்கொள்கிறேன். சோடா உப்பு மட்டும் வேண்டாம். பருப்பு வெந்துவிடும், வாசம் போய்விடும். இன்னொன்று, பருப்பு முழுதாக வேகுமுன் வெல்லத்தைச் சேர்த்துவிட்டால், அதற்குப் பிறகு நாள் முழுக்கக் கிளறினாலும் அது மெத்தென்று ஆகாது.

வடிந்த பருப்பைச் சூடு ஆறுமுன் தண்ணீர் படாமல் நைசாக அரைத்துவிட வேண்டும். ஒரு முழுப் பருப்பு தப்பி நின்றாலும் அது மாவைக் குத்திக் கிழிக்கும். அம்மி இருந்தால் அம்மி. மிக்சியில் அரைத்தால் மாச்சல்லடையில் கரண்டியால் ஒருமுறை தேய்த்து இறக்கிவிடுங்கள். வெல்லம் 250 கிராம் சரியாக இருக்கும். கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, ஒரு கொதி வந்ததும் அரைத்த பருப்பைச் சேருங்கள். சேர்த்த சில நிமிடத்தில் எல்லாம் இளகிக் கூழாகும். அதைப் பார்த்துப் பயந்து பொட்டுக்கடலை மாவை அள்ளிக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வெல்லம் பருப்பிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால் வருவது அது. கிளறக் கிளற வற்றிவிடும். ஆடிக்கும்மாயத்துக்குக் கையை நனைத்துத் தொட்டால் ஒட்டாத பதம் பார்ப்பீர்கள் அல்லவா, அந்தப் பதத்துக்குச் சற்று முன்னதாகவே இதை இறக்கிவிட வேண்டும். ஆறும்போது அது இன்னும் ஒரு படி இறுகும். அடுப்பிலேயே உருண்டை பிடிக்கும் பதம் வந்துவிட்டால், ஆறியபின் அது சீயத்துக்குத்தான் ஆகும்.

தேங்காய்ப்பூவைப் பருப்புப் போளியில் சேர்க்காதீர்கள். தேங்காய்ப் போளி வேறு பலகாரம்.

புதுவயல் தம்பி:

மைதா உடம்புக்கு ஆகாது என்று எங்கள் வீட்டில் கோதுமை மாவில்தான் செய்கிறோம், அக்கா. முழுக் கோதுமையில் உள்ள தவிடு மாவின் இழையை அறுத்துவிடுவதால் மைதா அளவுக்கு மெல்லியதாக வராது. தண்ணீரும் கூடுதலாகக் குடிக்கும். இரண்டு பங்கு கோதுமைக்கு ஒரு பங்கு மைதா கலந்தால் சமாளிக்கலாம். ஆனால் மருமகளுக்கு முதல் முறையாகச் செய்யும்போது இதை முயல வேண்டாம்.

கோட்டையூர் மல்லேஸ்வரம்:

நான் கோட்டையூரில் பிறந்து, கணவரின் வேலைக்காகப் பெங்களூருவில் 18 வருடம் இருந்துவிட்டு வந்தவள். எங்கள் மாடிக்கு மேல் குடியிருந்த அம்மாள் யுகாதிக்கு முந்தின இரவே இதற்கான வேலையைத் தொடங்கிவிடுவார். பெங்களூரு, மைசூர்ப் பக்கத்தில் ஒப்பட்டு என்றும், ஹூப்ளி, தார்வாட் பக்கத்தில் ஹோளிகெ என்றும், தெலுங்கர்கள் பொப்பட்லு, பக்ஷாலு என்றும், மராட்டியர்கள் பூரண் போளி என்றும் சொல்வது எல்லாம் ஒரே குடும்பம்தான். ஆனால் பருப்பு ஊருக்கு ஊர் மாறும். குஜராத்தில் பெரும்பாலும் துவரம்பருப்பு. கர்நாடகத்தில் கடலைப்பருப்பு, துவரம்பருப்பு இரண்டும் உண்டு. ஆகவே மருமகளின் அம்மா எந்தப் பருப்பில் செய்வார் என்பதைச் சம்பந்தியம்மாளிடம் ரகசியமாகக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஆச்சி பூரணத்தைச் சொல்லிவிட்டார்கள். நான் மாவைப் பற்றிச் சொல்கிறேன். சப்பாத்தி மாவு என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். 250 கிராம் மைதாவில் இரண்டு சிட்டிகை உப்பும் கால் தேக்கரண்டி மஞ்சள்தூளும் போட்டு, ஏறத்தாழ 170 மில்லி தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். பிசைய ஆரம்பித்ததும் கையெல்லாம் ஒட்டிக்கொண்டு, ஏதோ தவறிவிட்டது, மாவு கூட்ட வேண்டும் என்று தோன்றும். கூட்டக் கூடாது. நல்லெண்ணெயைக் கரண்டி கரண்டியாக விட்டு, பத்து நிமிடம் இழுத்து மடித்து, இழுத்து மடித்துப் பிசைந்தால் ஒட்டுவது தானாகக் குறையும். மொத்தம் நான்கு மேசைக்கரண்டி எண்ணெய் உள்ளே போக வேண்டும். கடைசியில் மாவைக் கையில் எடுத்துத் தொங்கவிட்டால் அது அறுந்து விழாமல் மெதுவாக நீண்டு இறங்க வேண்டும். பிறகு அதைக் கிண்ணத்தில் போட்டு, மேலே இன்னும் இரண்டு கரண்டி எண்ணெயை ஊற்றி, மூடி, குறைந்தது இரண்டு மணி நேரம், முடிந்தால் மூன்று மணி நேரம் விட்டுவிடுங்கள்.

இந்த ஊறலில்தான் எல்லாம் இருக்கிறது. பிசையும்போது மைதாவில் உள்ள குளுட்டன் என்னும் புரதம் ரப்பர்போல் இழுபடும் வலையாகிறது. பிசைந்த உடனே தட்டினால் அது விரலை எடுத்ததும் சுருங்கிக்கொள்ளும். ஊறினால் அந்த இழுவை தளர்ந்து, எங்கே விரித்தாலும் அங்கேயே நிற்கும். எண்ணெய் அந்த வலையை மிருதுவாக்கி வைத்திருக்கும். சுட்டபின் போளி மறுநாளும் மெத்தென்று இருப்பதற்கு இந்த எண்ணெய் ஒரு பெரிய காரணம். நீங்கள் மாவைத் தூவித் தேய்த்தபோது, அந்த உலர்ந்த மாவு ஈரத்தையெல்லாம் குடித்துக்கொண்டு மேலே ஒரு தோலாக நின்றிருக்கும். ஒடிந்தது அந்தத் தோல்தான். இனி மாவு தூவ வேண்டிய இடத்தில் எல்லாம் எண்ணெய் தொடுங்கள். ஹூப்ளிக்காரர்கள் மைதாவோடு சிரோட்டி ரவை எனப்படும் மிக நைசான ரவையைப் பாதியளவு கலப்பதும் உண்டு; அது இங்கே எளிதில் கிடைக்காதென்றால் விட்டுவிடலாம்.

அளவு: மேலே சொன்ன மாவில் எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுச் சிறியதாக, 30 கிராம் எடையில் 16 உருண்டை வரும். பூரணத்தை 45 கிராமாக உருட்டினால் அதுவும் ஏறத்தாழ 16 வரும். பூரணம் மாவைவிடப் பெரிதாக இருப்பதைப் பார்த்து நம்ப மாட்டீர்கள், நானும் நம்பவில்லை. மாவை உள்ளங்கையில் கிண்ணம்போல் விரித்து, பூரணத்தை உட்கார வைத்து, ஓரங்களை இழுத்து மேலே சேர்த்துக் கிள்ளிவிட்டு, கிள்ளிய முகம் மேலே இருக்கும்படி இலையில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரல் நுனிகளால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கிள்ளிய இடத்தில் மாவு தடித்திருக்கும் என்பதால் முதல் அழுத்தம் அதன்மேலேயே விழுவது நல்லது. ஓரம் வெறும் மாவாகத் தெரிந்தால் இன்னும் தள்ளுங்கள். பூரணம் விளிம்பு வரை போனதுதான் போளி.

மாடியம்மாள் எனக்கு ஒரு திட்டும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார். அவசரத்தில் ஒருநாள் பூரணம் சூடாக இருக்கும்போதே நான் உருட்டி அடைத்துவிட, மாவு உள்ளிருந்தே இளகிக் கிழிந்து, பதினாறும் இலையோடு ஒட்டிக்கொண்டது. இலையைப் பார்த்துவிட்டு அவர் கன்னடத்தில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கல்யாணச் சமையல்:

நான் காரைக்குடிப் பக்கம் விசேஷங்களுக்குப் பலகாரம் போடுகிறவன். மேலே சொன்னவர்கள் சொன்னது சரி. கல்லைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

போளி விறைப்பதற்கு மாவு ஒரு காரணம், தீ இன்னொரு காரணம். சிறு தீயில் வைத்துப் பொறுமையாகச் சுட்டால் பக்குவமாக வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பூரணம் ஏற்கெனவே வெந்தது. வேக வேண்டியது மேலே இருக்கும் மெல்லிய மாவு மட்டும்தான். சிறு தீயில் நான்கு நிமிடம் கிடந்தால் ஈரம் முழுக்க வற்றி வறட்டி ஆகிவிடும். கனமான இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காய வைத்து, பிறகு மிதமான தீக்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம், அதிகம் போனால் ஒன்றரை நிமிடம் போதும். இலையைக் கவிழ்த்துக் கல்லில் போட்டுக் கொஞ்சம் பொறுங்கள். சூட்டில் இலை வாடியதும் போளி தானாக விட்டுக்கொடுக்கும், அப்போது இலையை உரித்தெடுங்கள். அவசரப்பட்டு உரித்தால் பாதி இலையோடு வரும். போளியைத் திருப்பிப் போட்டபின் நெய் விடுங்கள், முதலிலேயே விட்டால் போளி பொரிந்ததுபோல் மொறுமொறுத்துவிடும்.

எவ்வளவு பக்குவமாகச் செய்தாலும் ஒன்றிரண்டு கிழிந்து பூரணம் கல்லில் ஒட்டத்தான் செய்யும். ஒட்டியதை ஒவ்வொரு முறையும் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததைப் போட வேண்டும். முந்தின போளியின் தீய்ந்த வெல்லம் அடுத்த போளியில் கசக்கும்.

சுட்டதை மேலுக்கு மேலாக மூடிய எவர்சில்வர் டப்பாவில் உடனே அடைத்தால் ஆவி வியர்த்து நனைந்துவிடும், சீக்கிரம் ஊசியும் போகும். நம் ஊர் ஓலைக் கொட்டானில் பருத்தித் துணி விரித்து, முதல் ஐந்து நிமிடம் தனித்தனியாக ஆற விட்டு, பிறகு இளஞ்சூட்டில் அடுக்கித் துணியால் மூடி வையுங்கள். ஒன்றின் சூடு இன்னொன்றை மெத்தென்று வைத்திருக்கும். பருப்புப் போளி வெளியில் இரண்டு நாள் தாங்கும். குளிர்பெட்டியில் வைத்தால் மாவுச்சத்து இறுகி விறைக்கும், அதைக் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். காய்ந்த கல்லில் அரை நிமிடம் போட்டு ஒரு சொட்டு நெய் விட்டால் மறுபடி இளகும்.

கருப்பட்டி கேட்டிருந்தீர்கள். போடலாம். ஆனால் கருப்பட்டியில் கசடும் மணலும் அதிகம், இரண்டு முறை வடிகட்ட வேண்டும். பூரணம் கறுத்து, மஞ்சள் மாவுக்குள் அழுக்குப்போல் தெரியும். ருசியிலும் அதன் காரல் ஏலக்காயை அமுக்கிவிடும். கும்மாயத்துக்கு அதுதான் உயிர். இதற்கு வேண்டாம் என்பது என் கருத்து.

தேவகோட்டை ஆச்சி:

கருப்பட்டி விஷயத்தில் நான் கல்யாணச் சமையல் தம்பியோடு ஒத்துப்போக மாட்டேன். பாதி வெல்லம், பாதி கருப்பட்டி போட்டு, ஏலக்காய்க்குப் பதிலாகச் சுக்குத்தூள் சேர்த்தால் அந்தக் காரல் அடங்கிவிடும். நிறத்தைப் பார்த்தா சாப்பிடப் போகிறோம்? இருந்தாலும் ஹூப்ளிப் பெண்ணுக்கு முதல் முறை வெல்லத்திலேயே செய்து கொடுங்கள். கருப்பட்டிப் போளியை அவள் ஊர் திரும்பும்போது கட்டிக் கொடுக்கலாம்.

கானாடுகாத்தான் அடுப்படி:

அனைவருக்கும் நன்றி. நேற்று மூன்றாம் முறை செய்தேன். சம்பந்தியம்மாளிடம் கேட்டதில் அவர்கள் வீட்டில் கடலைப்பருப்புதான் என்றும், ஏலக்காயோடு ஜாதிக்காயும் கொஞ்சம் உரசிப் போடுவார்கள் என்றும் தெரிந்தது. ஆச்சி சொன்னபடி இரண்டு உருண்டையையும் பக்கத்தில் வைத்து விரலால் அழுத்திப் பார்த்தபோது, பூரணம் இன்னும் கெட்டியாக இருந்தது. 30 வருடப் பழக்கம், என்னை அறியாமலே சீயப் பதத்துக்குக் கிளறியிருக்கிறேன். வடித்து வைத்திருந்த பருப்புத் தண்ணீரில் இரண்டு கரண்டி விட்டு மறுபடி அடுப்பில் வைத்து இளக்கி எடுத்தேன். மாவு மூன்று மணி நேரம் ஊறியிருந்ததால் தொட்டதுமே விரிந்தது. பதினாறில் மூன்று கிழிந்தன, அவையும் முதல் மூன்று. மீதிப் பதின்மூன்றையும் கொட்டானில் வைத்திருந்து இன்று காலை எடுத்து நான்காக மடித்தேன், ஒடியவில்லை. வீட்டுக்காரர் நான்கு சாப்பிட்டார், சப்பாத்தி என்ற சொல் வாயிலிருந்து வரவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். யுகாதியன்று 40 வேண்டும். பூரணத்தை முந்தின நாளே கிளறி வைத்துக்கொள்ளலாமா?

கோட்டையூர் மல்லேஸ்வரம்:

தாராளமாக வைத்துக்கொள்ளலாம். நன்றாக ஆறியபின் மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, காலையில் இரண்டு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். குளிர்ந்த பூரணம் இறுகியிருக்கும், ஆகவே அடைப்பதற்கு முன் மறுபடியும் விரலால் அழுத்திப் பாருங்கள். மாவை மட்டும் அன்று விடியற்காலையில் பிசையுங்கள். நாற்பதையும் ஒரே கல்லில் போட்டால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு கல் வைத்து, தட்டுவதற்கு ஒரு ஆளும் சுடுவதற்கு ஒரு ஆளும் இருந்தால் நல்லது. மருமகளுக்குத் தெரியாமல் செய்வது நாற்பதுக்கு நடக்காது, அவளையே தட்டச் சொல்லுங்கள்.